சைக்கோபதி: ஆய்வின் வரலாறும் ஆய்வாளர்களும்

சைக்கோபதி என்பது ஒருவகை ஆளுமை நிலையைக் குறிக்கும் உளவியல் சொல் ஆகும். பிறர் துன்பம் கண்டு இரங்காமை, குற்ற உணர்வு இல்லாமை, கூசாமல் பொய் சொல்லுதல், மற்றவர்களைத் தன் தேவைக்குக் கருவியாக்கிக் கொள்ளுதல், பின்விளைவை எண்ணாமல் செயல்படுதல் ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து, இளமை முதல் நிலையாகக் காணப்பட்டால் ஆய்வாளர்கள் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். இந்தக் குணங்கள் மேலோட்டமான இனிமையாலும் பேச்சுத் திறமையாலும் மறைக்கப்பட்டிருப்பது உண்டு.

தமிழில் "சைக்கோ" என்ற சொல் செய்தித்தாள்களிலும் திரைப்படங்களிலும் வெகுவாகப் புழங்குகிறது. தொடர் கொலைகாரனையும் சைக்கோ என்கிறோம். காரணமில்லாமல் கோபப்படுபவரையும் சைக்கோ என்கிறோம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவரையும் சிலர் இரக்கமின்றி அப்படியே அழைக்கின்றனர். இவை மூன்றும் வெவ்வேறானவை. மனச்சிதைவு போன்ற நோய்களில் ஒருவருக்கு இல்லாத குரல் கேட்கலாம், நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பலாம். அதாவது உண்மை உலகத்துடனான தொடர்பு பாதிக்கப்படுகிறது. இத்தகைய நிலையை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்பர். சைக்கோபதி உள்ளவருக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம், அது சட்டப்படி தவறா என்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் எடுத்த "சைக்கோ" படத்தின் நாயகன் இறந்துபோன தாயாகத் தன்னையே நினைத்துக்கொள்பவன். ஆய்வாளர்களின் அளவுகோலில் அவன் சைக்கோபதி வகையைச் சேர்ந்தவன் அல்ல. பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு மனநல மருத்துவர்கள் 400 திரைப்படங்களைப் பார்த்து, அவற்றிலிருந்து 126 பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திரையில் வரும் சைக்கோபதிகளில் பெரும்பாலோர் உண்மைக்குப் பொருந்தாதவர்கள் என்பதே அவர்கள் கண்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சைக்கோபதிக் குணங்கள் மிகுந்த எல்லோரும் கொலைகாரர்கள் அல்லர். சிறைக்கே செல்லாதவர்களும் அவர்களில் உண்டு.

தொடக்க கால வரலாறு

இப்படிப்பட்ட மனிதர்கள் எல்லாச் சமூகங்களிலும் இருந்திருக்கின்றனர் என்று நினைக்க இடமுண்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஜேன் மர்பி 1976இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. பெரிங் நீரிணையை ஒட்டி வாழும் யூப்பிக் மொழி பேசும் மக்களிடம் "குன்லாங்கெட்டா" என்றொரு சொல் இருப்பதை அவர் பதிவு செய்தார். எது சரி என்று மனத்துக்குத் தெரிந்தும் அதைச் செய்யாதவன் என்பது அதன் பொருள். திரும்பத் திரும்பப் பொய் சொல்பவன், திருடுபவன், மற்ற ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும்போது பெண்களிடம் தகாத முறையில் நடப்பவன், பெரியவர்கள் எத்தனை முறை கூப்பிட்டுக் கண்டித்தாலும் திருந்தாதவன் ஆகியோரை அச்சொல் குறித்தது. அப்படிப்பட்டவனை என்ன செய்வார்கள் என்று மர்பி கேட்டபோது, யாரும் பார்க்காத நேரத்தில் எவராவது பனிக்கட்டியின் விளிம்பிலிருந்து தள்ளிவிட்டிருப்பார்கள் என்ற பொருளில் ஒருவர் பதில் சொன்னாராம்.

மருத்துவ நூல்களில் இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம்பெறுகிறது. பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல், அறிவுக் குழப்பம் சிறிதும் இல்லாமல் வெறித்தனமாக நடந்துகொள்ளும் நோயாளிகளைக் கண்டு "பிதற்றல் இல்லாத பித்து" என்று பெயரிட்டார். 1835இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரிச்சர்ட் "ஒழுக்கப் பைத்தியம்" என்ற சொற்றொடரைப் பரப்பினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் கோக் "சைக்கோபதிக்" என்ற அடைமொழியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எனினும் அவர்கள் காலத்தில் இச்சொல் மிக அகலமான பொருள் கொண்டிருந்தது. குடிப்பழக்கம், அளவு கடந்த கூச்சம், பிடிவாதம் எல்லாமே அதற்குள் வந்தன. இன்றைய பொருள் அப்போது இல்லை.

இன்றைய பொருளுக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி கிளெக்லி. 1941இல் வெளியான அவருடைய "தெளிந்த மனத்தின் முகமூடி" என்று பெயர்க்கத்தக்க நூல், 1976 வரை ஐந்து பதிப்புகள் கண்டது. மருத்துவமனையில் தாம் சந்தித்தவர்களின் கதைகளை நாவல் போல விரிவாக எழுதி, இறுதியில் 16 அடையாளங்களை அவர் தொகுத்தார். மேலோட்டமான கவர்ச்சி, பதற்றம் இன்மை, நாணம் இன்மை, அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளாமை, உண்மையான அன்பு செலுத்த இயலாமை ஆகியவை அவற்றுள் சில. கிளெக்லி விவரித்தவர்களில் பலர் கொடியவர்கள் அல்லர் என்பது முக்கியமானது. கடன் வாங்கித் திருப்பித் தராதவர், நல்ல வேலையை ஒரே நாளில் காரணமின்றி உதறியவர், குடும்பத்தைத் திரும்பத் திரும்ப ஏமாற்றியவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. பிற்காலச் சர்ச்சை முழுவதற்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் சைக்கோபதி

கிளெக்லியின் விவரிப்பைச் சோதனைக்கு உட்படுத்தியவர்களில் முதன்மையானவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் லிக்கன். 1957இல் வெளியான அவருடைய சோதனை எளிமையும் அழகும் கொண்டது. பங்கேற்பவர் முன் நான்கு நெம்புகோல்கள் கொண்ட ஒரு கருவி வைக்கப்பட்டது. 20 படிகள் கொண்ட ஒரு புதிர்வழியை அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு நெம்புகோல் சரியானது. மற்ற மூன்றும் தவறு. அந்த மூன்றில் ஒன்றை அழுத்தினால் மின்னதிர்ச்சி கிடைக்கும். வழியைக் கற்றுக்கொள்வதில் சைக்கோபதிகள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் மின்னதிர்ச்சி தரும் தவறைத் தவிர்க்கக் கற்றுக்கொள்வதில் பின்தங்கினர். அவர்களிடம் அறிவுக் குறைவு இல்லை, வரப்போகும் வலியைப் பற்றிய அச்சம்தான் குறைவு என்று லிக்கன் முடிவு செய்தார்.

இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர் கனடாவின் ராபர்ட் ஹேர். 1934இல் பிறந்த இவர், 1960இல் பிரிட்டிஷ் கொலம்பியா சிறைச்சாலையில் எட்டு மாதங்கள் உளவியலாளராகப் பணியாற்றினார். வேலையில் சேர்ந்த உடனே, "ரே" என்று அவர் புனைபெயரிட்ட ஒரு கைதி அறைக்குள் வந்து, கையால் செய்த கத்தியைக் காட்டியிருக்கிறான். அதன் பிறகு அந்த எட்டு மாதமும் ஹேரை எப்படியெல்லாம் தன் காரியங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டான் என்பதை ஹேரே தம் நூலில் எழுதியிருக்கிறார். வேலையை விட்டுப் போகும் சமயத்தில் சிறைப் பட்டறையில் பழுது பார்க்கப்பட்ட அவருடைய காரில், இறக்கத்தில் போகும்போது பிரேக் பிடிக்கவில்லையாம். அந்தப் பட்டறையில் ரேயும் வேலை செய்துகொண்டிருந்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹேர், 1965இல் ஒரு சோதனையை வெளியிட்டார். திரையில் 1 முதல் 12 வரை எண்கள் வரிசையாகத் தோன்றும். 8 வரும்போது மின்னதிர்ச்சி தரப்படும் என்று முன்பே சொல்லப்படும். சாதாரணமானவர்களுக்கு 4, 5 வரும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடும். தோலின் மின்கடத்தும் தன்மையை அளந்து இதைக் கண்டுபிடிக்கலாம். சைக்கோபதிகளிடம் அந்த மாற்றம் மிகக் குறைவாகவும் தாமதமாகவும் இருந்தது. நாளை வரும் தண்டனை இன்றைக்கு உடம்பை உறுத்தவில்லை என்றால், தண்டனையைக் காட்டி ஒருவரை நல்வழிப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நியூமன் இதே முடிவை வேறு கோணத்தில் பார்த்தார். 1987இல் அவர் சகாக்களுடன் வெளியிட்ட சீட்டுச் சோதனையில் கைதிகள் பணத்துக்குச் சீட்டு திருப்பினர். மொத்தம் 100 சீட்டுகள். முதல் பத்துச் சீட்டுகளில் வெற்றி வாய்ப்பு 90 சதவீதம். அடுத்த பத்தில் 80. இப்படியே குறைந்துகொண்டே போகும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். சைக்கோபதிகள் தோற்றுக்கொண்டே இருந்தும் நிறுத்தாமல் ஆடினர். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் பிறகு ஐந்து வினாடி கட்டாயமாகக் காத்திருக்க வைத்து, முந்தைய முடிவுகளையும் கண்முன் காட்டியபோது, அவர்களும் மற்றவர்களைப் போலவே தக்க நேரத்தில் நிறுத்திக்கொண்டனர். அச்சமே இல்லாதவர்கள் என்பதைவிட, ஒரு இலக்கில் மனம் குவிந்துவிட்டால் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்க்கத் தவறுபவர்கள் என்பது நியூமனின் விளக்கம். என் பார்வையில் இந்தத் துறையின் சோதனைகளில் இதுவே மிகவும் சிந்திக்க வைப்பது. மாறவே முடியாதது என்று கருதப்பட்ட ஒரு நடத்தை, ஐந்து வினாடி இடைவெளியில் மாறியது.

ஹேர் உருவாக்கிய பட்டியல்

1970களில் ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி சைக்கோபதியை வரையறுத்தனர். ஒருவருடைய சோதனை முடிவை இன்னொருவருடையதுடன் ஒப்பிட முடியவில்லை. 1975இல் பிரான்சின் லெசார்க் என்ற மலைநகரில் நேட்டோ அமைப்பின் நிதியுதவியுடன் நடந்த ஆய்வரங்கத்தில் இந்தக் குறை வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதன் பின் ஹேர் கிளெக்லியின் அடையாளங்களை அடிப்படையாக வைத்து 1980இல் 22 கூறுகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். 1991இல் திருத்தப்பட்டபோது அது 20 கூறுகளாகச் சுருங்கியது. இரண்டாம் பதிப்பு 2003இல் வந்தது. திருத்திய ஹேர் சரிபார்ப்புப் பட்டியல் என்று இது அழைக்கப்படுகிறது.

இது கைதி தானே நிரப்பும் வினாத்தாள் அல்ல. பொய் சொல்வதையே ஓர் அடையாளமாகக் கொண்ட நிலைக்கு, அவர் சொல்வதை மட்டும் நம்பி மதிப்பெண் போட முடியாது அல்லவா? பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் நீண்ட நேர்காணல் நடத்துவார். கூடவே வழக்கு ஆவணங்கள், பள்ளிப் பதிவுகள், குடும்பத்தார் தந்த தகவல்கள் ஆகியவற்றையும் படிப்பார். பிறகு ஒவ்வொரு கூறுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் தருவார். உயர்ந்த அளவு 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் சைக்கோபதி என்பது வழக்கம். ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் 25 போதும். ஒரே மனிதர் கடலைத் தாண்டினால் வேறு பெயர் பெறுகிறார் என்பதை இதிலிருந்தே அறியலாம். எல்லைக்கோடு இயற்கை வரைந்தது அல்ல.

பட்டியலின் ஒரு பாதி குணத்தைப் பற்றியது: தற்பெருமை, இரக்கமின்மை, ஏமாற்று, குற்ற உணர்வின்மை போன்றவை. மறுபாதி வாழ்க்கை முறையையும் குற்றப் பின்னணியையும் பற்றியது: பொறுப்பின்மை, திடீர் உந்துதலில் செயல்படுதல், சிறுவயது முறைகேடுகள், பலவகைக் குற்றங்கள் போன்றவை.

மருத்துவர்கள் பயன்படுத்தும் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியல்களில் சைக்கோபதி தனி நோயாக இடம்பெறவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டில் "சமூக விரோத ஆளுமைக் கோளாறு" என்பது விரிவான வரையறையுடன் வந்தது. அது வெளிப்படையான நடத்தையை மட்டுமே கணக்கில் எடுத்தது, உள்ளத்தின் தன்மையை அதிகம் பார்க்கவில்லை. விளைவு என்னவென்றால், சிறைக்குப் போனாலே அந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். 12 நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரைப்படி, ஆண் கைதிகளில் 47 சதவீதத்தினருக்கு அது இருந்தது. ஹேரின் பட்டியலில் 30ஐத் தொடுபவர்களோ வட அமெரிக்கச் சிறைகளில் சுமார் 15 முதல் 25 சதவீதம்தான். பொதுமக்களிடையே 1 சதவீதத்தை ஒட்டியிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. 2013இல் வந்த கையேட்டின் புதிய பதிப்பு, மேலும் ஆராயப்பட வேண்டிய மாற்று முறை என்ற பகுதியில் மட்டும் சைக்கோபதிக் கூறுகளைச் சேர்த்துக்கொண்டது.

ஆய்வாளர் சமூகம்

சைக்கோபதியை ஆராய்பவர்கள் ஒரே துறையினர் அல்லர். உளவியலாளர், மனநல மருத்துவர், நரம்பியல் ஆய்வாளர், மரபியலாளர், குற்றவியலாளர், சட்ட அறிஞர், மெய்யியலாளர் என்று பலரும் இதில் உள்ளனர். 2005இல் இவர்களுக்கென ஓர் அறிவியல் சங்கம் தோன்றியது. அதன் முதல் மாநாடு கனடாவின் வான்கூவர் நகரில் நடைபெற்றது. அதிலிருந்து பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுகின்றனர். வாழ்நாள் சாதனைக்காகச் சங்கம் வழங்கும் விருது ஹேரின் பெயரில் உள்ளது. புளோரிடாவின் கிறிஸ்டபர் பேட்ரிக் தொகுத்த சைக்கோபதிக் கையேடு 2006இலும் 2018இலும் இரு பதிப்புகளாக வந்தது. துறையில் நுழையும் மாணவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

பேட்ரிக்கும் சகாக்களும் 2009இல் மூன்று கூற்று மாதிரி ஒன்றை முன்வைத்தனர். துணிச்சல், கொடுமை, கட்டுப்பாடின்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்ததே சைக்கோபதி என்பது அதன் சாரம். இதில் துணிச்சலைச் சேர்த்தது இன்றும் தீராத வாதம். துணிச்சல் தீயணைப்பு வீரருக்கும் வேண்டிய குணம்தானே, அதை எப்படி ஒரு கோளாறின் பகுதியாக்குவது என்று ஒரு தரப்பினர் கேட்கின்றனர். 2020இல் காலமான எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்காட் லிலியன்ஃபெல்டு எதிர்த்தரப்பில் உறுதியாக நின்றவர். அச்சமின்மையும் சமூகத் தன்னம்பிக்கையும் இல்லாவிட்டால் கிளெக்லி வரைந்த உருவமே மறைந்துவிடும் என்பது அவர் வாதம்.

வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் அபிகேல் மார்ஷ் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். இரக்கம் குறைந்தவர்கள் இருந்தால், இரக்கம் மிகுந்தவர்களும் இருக்க வேண்டும் அல்லவா? முன்பின் அறியாத ஒருவருக்குச் சிறுநீரகம் தானம் செய்தவர்களைத் தேடிப்பிடித்து அவர்களுடைய மூளையைப் படம் எடுத்தார். 2014இல் வெளியான முடிவில், அச்சத்தை உணர்வதில் பங்கு வகிக்கும் வலப்பக்க அமிக்டலா அவர்களுக்குச் சராசரியைவிடப் பெரிதாகவும், பயந்த முகங்களைக் கண்டால் கூடுதலாகத் தூண்டப்படுவதாகவும் இருந்தது.

மூளையும் மரபும்

அமிக்டலா என்பது மூளையின் உட்புறத்தில் பாதாம்பருப்பு அளவில் உள்ள ஒரு பகுதி. சைக்கோபதிகள் பயந்த முகத்தைப் பார்த்து அது பயம் என்று இனங்காண்பதில் தடுமாறுகின்றனர் என்று ஜேம்ஸ் பிளேர் முதலியோர் காட்டினர். மற்றவரின் பயமும் அழுகையும் இயல்பாகவே நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. அந்தத் தடுப்பு இவர்களிடம் வேலை செய்யவில்லை என்பது பிளேரின் கருத்து. ஹேரின் மாணவரான கென்ட் கீல், 2007இல் காந்த அதிர்வுப் படக்கருவியை ஒரு பெரிய லாரி வண்டியில் பொருத்தி, நியூ மெக்சிகோவின் சிறைகளுக்கே கொண்டு சென்றார். கைதிகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் சிரமம் நீங்கியதால், பெரும் எண்ணிக்கையில் மூளைப் படங்கள் கிடைத்தன.

நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு திருப்பம் தந்தது. ஒரு கை இன்னொரு கையை வருடுவது, அடிப்பது, தள்ளுவது போன்ற காட்சிகளைக் கைதிகள் பார்த்தனர். சும்மா பார்த்தபோது சைக்கோபதிகளின் மூளையில் தூண்டல் குறைவு. காட்சியில் இருப்பவரின் உணர்வை நீங்களும் உணர முயலுங்கள் என்று சொன்ன பிறகு வேறுபாடு பெருமளவு குறைந்தது. இரக்கம் இல்லாமல் போய்விடவில்லை, தானாக எழவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆனால் மூளைப் படங்களை வைத்து அவசர முடிவுக்கு வரக்கூடாது. கனடாவின் யார்க்கோ யாலாவா முதலியோர் 2021இல் மூளை அமைப்பு ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தனர். மூல ஆய்வுகளில் பெரும்பாலான அளவீடுகள் வேறுபாடு எதையும் காட்டவில்லை. ஆனால் அவற்றைத் தொகுத்து எழுதிய கட்டுரைகள் வேறுபாடு கண்ட முடிவுகளையே பெரும்பாலும் எடுத்துச் சொல்லியிருந்தன. "சைக்கோபதியின் மூளை இதோ" என்று வண்ணப் படத்துடன் வரும் செய்திகளை இந்த எச்சரிக்கையுடன் படிப்பது நல்லது.

மரபியலில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் எஸ்ஸி விடிங் 2005இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு புகழ்பெற்றது. ஏழு வயது இரட்டைக் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளை அவர் பயன்படுத்தினார். இரக்கமின்மைக் குணம் மிக அதிகமாக உள்ள குழந்தைகளிடம் அந்த வேறுபாட்டில் 67 சதவீதத்துக்கு மரபு காரணம் என்று கணக்கிட்டார். 67 சதவீதம் என்பது ஒரு குழந்தையின் தலையெழுத்தை அல்ல, ஒரு மக்கள்தொகைக்குள் காணப்படும் வேறுபாடுகளின் மூலத்தையே குறிக்கிறது. மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. குழந்தைகளுக்குச் சைக்கோபதி என்ற சொல்லை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே தவிர்க்கின்றனர். "இரக்கமும் உணர்ச்சியும் குறைந்த குணங்கள்" என்று மட்டுமே சொல்வர். வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு முரடன் என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்த வகுப்பு ஆசிரியரும் அதே கண்ணால் பார்ப்பதை முப்பது ஆண்டுகள் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன். அந்தப் பிள்ளைகளில் பலர் வளர்ந்த பிறகு மற்றவர்களைப் போலவே ஆகிவிடுகின்றனர்.

நீதிமன்றமும் சர்ச்சைகளும்

ஹேர் தம் பட்டியலை ஆய்வுக்காக உருவாக்கினார். ஆனால் அதில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் விடுதலைக்குப் பின் மீண்டும் குற்றம் செய்வது அதிகம் என்று ஆய்வுகள் வந்ததும், நீதிமன்றங்களும் முன்விடுதலைக் குழுக்களும் அதை எடுத்துக்கொண்டன. ஒருவர் காலவரையின்றிச் சிறையில் இருப்பாரா, வெளியே வருவாரா என்பதில் 20 கூறுகளின் கூட்டுத்தொகைக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் 2000க்குப் பிறகு தொடங்கிய ஆபத்தான கைதிகளுக்கான தனித் திட்டத்திலும் ஹேர் மதிப்பெண் சேர்க்கைக்கான வரையறைகளில் ஒன்றாக இருந்தது.

அப்படியானால் மதிப்பெண் போடுபவர் எந்த அளவு நடுநிலையானவர் என்பது உயிர் பிரச்சினையாகிறது. வர்ஜீனியாவின் டேனியல் மர்ரியும் டெக்சாசின் மார்கஸ் போக்கச்சினியும் 2013இல் வெளியிட்ட சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களை அமர்த்தினர். எல்லோருக்கும் ஒரே வழக்குக் கோப்புகள். ஒரு பாதியினரிடம் அரசுத் தரப்பு உங்களை அமர்த்தியிருக்கிறது என்றனர். மறுபாதியினரிடம் எதிர்த்தரப்பு என்றனர். அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாக நம்பியவர்கள் அதே கைதிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டனர். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. யாருடைய மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நம்மை அறியாமலே பேனாவை நகர்த்துகிறது.

மரண தண்டனை வழக்குகளில் இது இன்னும் கடுமையானது. இந்தக் கைதி சிறைக்குள்ளேயும் பிறரைத் தாக்குவார் என்று காட்டச் சில மாநிலங்களில் அரசுத் தரப்பு ஹேர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தியது. 2020இல் இத்துறையின் வல்லுநர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். உயர் பாதுகாப்புச் சிறையில் ஒருவர் கடுமையான வன்முறையில் ஈடுபடுவாரா என்பதை இந்தப் பட்டியலால் போதிய துல்லியத்துடன் சொல்ல முடியாது, அதற்காக இதைப் பயன்படுத்தக் கூடாது என்றனர். வேறு சில வல்லுநர்கள் அதற்கு மறுப்பு எழுதினர்.

இதற்குமுன் நடந்த ஒரு தகராறு துறைக்கு வெளியிலும் பேசப்பட்டது. குற்றம் செய்தல் என்பது சைக்கோபதியின் பகுதியா, அல்லது அதன் விளைவா? ஜெனிபர் ஸ்கீம், டேவிட் குக் ஆகிய இருவரும் விளைவுதான் என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினர். ஹேரின் பட்டியலே சைக்கோபதி என்று ஆகிவிட்டது, அளவுகோலை அளக்கப்படும் பொருளாகவே எண்ணத் தொடங்கிவிட்டோம் என்பது அவர்கள் கவலை. இதழ் 2007இல் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. தம் கருத்துகள் திரித்துக் கூறப்பட்டதாகக் கருதிய ஹேர், வழக்கறிஞர் மூலம் வழக்கு எச்சரிக்கை அனுப்பினார். கட்டுரை வெளிவர 2010 ஆகிவிட்டது. ஹேரின் மறுமொழியும் சேர்ந்தே வெளிவந்தது. அறிவியல் கருத்து வேறுபாட்டை வழக்கறிஞர் கடிதத்தால் தீர்க்க முயலலாமா என்று பலர் எழுதினர். ஹேர் பக்கத்திலும் நியாயம் காணலாம்: வாழ்நாள் உழைப்பைத் தவறாகச் சித்தரிப்பதாக ஒருவர் நினைத்தால் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்துக்கு இதழின் பக்கங்களே தக்க இடம் என்பது என் எண்ணம்.

திருத்த முடியுமா?

கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற உயர் பாதுகாப்பு மனநல மருத்துவமனை இருந்தது. 1960களின் நடுவில் அங்கே ஒரு புதுமையான சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. நோயாளிகளே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது என்பது அதன் அடிப்படை. சன்னலில்லாத அறையில் நாள்கணக்கில் ஆடையின்றிக் குழுவாக இருக்கச் செய்தனர். எல்எஸ்டி போன்ற மனமயக்க மருந்துகளும் கொடுத்தனர். 1992இல் மார்னி ரைஸ் முதலியோர் அதன் பலனை ஆராய்ந்தனர். சைக்கோபதி அல்லாதவர்களில், சிகிச்சை பெற்றோரில் 22 சதவீதத்தினரும் பெறாதோரில் 39 சதவீதத்தினரும் மீண்டும் வன்முறைக் குற்றம் செய்தனர். சைக்கோபதிகளிடம் கணக்கு தலைகீழாகிவிட்டது: சிகிச்சை பெறாதோரில் 55, பெற்றோரில் 77. பிறர் மனத்தைப் படிக்கும் வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று பேசப்பட்டது. சைக்கோபதிக்குச் சிகிச்சையே இல்லை, செய்தால் மோசமாகும் என்ற கருத்து பாடநூல்களில் ஏறியது. அந்தச் "சிகிச்சை" சித்திரவதைக்கு ஒப்பானது என்று ஒன்ராறியோ நீதிபதி ஒருவர் 2017இல் குறிப்பிட்டார். இப்படிப்பட்ட ஒன்றை வைத்து எந்தச் சிகிச்சையும் பயன்படாது என்று பல ஆண்டுகள் நம்பியது விந்தைதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம் 1995இல் தொடங்கப்பட்டது. சாதாரணச் சீர்திருத்த இல்லங்களால் சமாளிக்க முடியாத வன்முறை இளைஞர்கள் இங்கே அனுப்பப்படுகின்றனர். தண்டனை கூடக்கூட இவர்கள் மேலும் முறுக்கிக்கொள்கின்றனர், காவலர்கள் மேலும் தண்டிக்கின்றனர். இந்தச் சுழலை அவிழ்க்க வேண்டும் என்று உளவியலாளர் மைக்கேல் கால்டுவெல் குழுவினர் கருதினர். ஒவ்வொரு நாளும் நடத்தைக்கு மதிப்பெண் தரப்படும். இன்று நன்றாக இருந்தால் நாளை கூடுதல் சலுகை. நேற்று என்ன செய்தாய் என்ற கணக்கு நீண்ட நாள் தொடராது. சலுகை சிறியதுதான், ஆனால் உடனே கிடைக்கும். நியூமனின் கைதிகளுக்கு ஒவ்வொரு சீட்டின் பலனையும் உடனுக்குடன் கண்முன் காட்டியதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

விடுதலைக்குப் பின் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வழக்கமான இல்லங்களில் இருந்த ஒப்பீட்டுக் குழுவினர் 16 கொலைகளில் தொடர்பு கொண்டிருந்தனர். மெண்டோட்டாவில் சிகிச்சை பெற்ற குழுவினரிடம் ஒரு கொலையும் இல்லை. யார் எங்கே செல்வது என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதால் இந்த ஆய்வை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. இரு குழுக்களுக்கும் இருந்த வேறுபாடுகளைப் புள்ளியியல் முறையில் சரிக்கட்டியே ஒப்பிட்டனர். ஒரு இளைஞருக்கு ஆகும் அன்றாடச் செலவு வழக்கமான இல்லத்தைவிட அதிகம். மீண்டும் கைது, வழக்கு, சிறை ஆகியவற்றில் மிச்சமாகும் தொகை அந்தச் செலவைப் பன்மடங்கு தாண்டுகிறது என்றும் கால்டுவெல் குழுவினர் தனியே கணக்கிட்டுக் காட்டியுள்ளனர்.